எடை குறைப்பு ஆபரேஷன்: ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் எடை குறைப்பு ஆபரேஷன் பத்தி. 'பண்ணலாமா, வேண்டாமா'ங்கிற விவாதத்துக்குள்ள அதிகம் போகப் போறதில்லை. டயட், ஜிம், மாத்திரை எல்லாம் பார்த்துட்டு, டாக்டரும் "ஆபரேஷனை யோசிக்கலாம்"னு சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும். எந்த ஆபரேஷன்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலானவங்க ரெண்டு விதமா கேட்பாங்க. ஒண்ணு, "எதுல அதிகமா எடை குறையும்?" இன்னொண்ணு, "என் ஃபிரெண்டுக்கு ஸ்லீவ் பண்ணாங்க, சூப்பரா குறைஞ்சுது. எனக்கும் அதையே பண்ணிடலாமா?" ரெண்டுமே நியாயமான கேள்விதான். ஆனா ரெண்டும் உங்களைச் சரியான முடிவுக்குக் கூட்டிட்டுப் போகாது. ஏன்னா, இந்த ஆபரேஷன்களுக்கு நடுவுல எடைக் குறைவில் இருக்கிற வித்தியாசம் சின்னது. பின்னால வரக்கூடிய தொந்தரவுகளில் இருக்கிற வித்தியாசம்தான் பெருசு. அதனால நீங்க கேட்க வேண்டியது, "எந்தத் தொந்தரவை என் உடம்பும் என் வாழ்க்கையும் தாங்கும், எதைத் தாங்காது?"

முதல்ல, இது யாருக்கு?

1991-ல் அமெரிக்காவில் வகுத்த ஒரு வரம்பு ரொம்ப காலம் நடைமுறையில் இருந்தது. பி.எம்.ஐ. 40-க்கு மேல இருக்கணும். இல்லைன்னா 35-க்கு மேல இருந்து, கூடவே எடையால வந்த நோயும் இருக்கணும். 2022-ல் உலக அளவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற ரெண்டு பெரிய பேரியாட்ரிக் அமைப்புகள் சேர்ந்து இதை மாத்தினாங்க. பி.எம்.ஐ. 35 இருந்தாலே, வேற நோய் இல்லைன்னாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு வரம்பு இன்னும் கீழ: 27.5-லேயே இந்த வாய்ப்பைப் பத்திப் பேசலாம்னு சொல்றாங்க. காரணம், நம்ம ஊர் உடம்புக்குக் குறைஞ்ச எடையிலேயே தொப்பை போடும், சுகரும் சீக்கிரம் வந்துடும்.

உதாரணத்துக்கு உங்க உயரம் 165 செ.மீ.ன்னு வச்சுப்போம். பி.எம்.ஐ. 27.5-ன்னா சுமார் 75 கிலோ. 35-ன்னா சுமார் 95 கிலோ. 75 கிலோ இருக்கிற எல்லாரும் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடணும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. சுகர், தூக்கத்தில் மூச்சுத் திணறல், கொழுப்புக் கல்லீரல் மாதிரி எடையோட சேர்ந்து வந்த நோய்கள் என்னென்ன, இதுவரைக்கும் என்ன சிகிச்சை எடுத்தீங்க, இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க.

இன்னொரு விஷயம். "வாயைக் கட்ட முடியாதவங்க தேடுற குறுக்கு வழி"ன்னு இதைச் சொல்ற சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். பசி வெறும் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டும், கலோரி செலவைக் குறைக்கும். அந்தக் கணக்கையே மாத்துறதுதான் இந்த ஆபரேஷன்களோட வேலை. அவை எப்படி மாத்துதுன்னு பார்ப்போம்.

ஸ்லீவ்: வயிற்றை நீளவாக்கில் வெட்டுறது

இரைப்பை ஒரு பை மாதிரி இருக்கும். ஸ்லீவ்ல அந்தப் பையை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, சுமார் முக்கால் பங்கை, சில நேரம் 80 சதவீதம் வரைக்கும், வெளியே எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிறது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். சட்டைக் கை மாதிரி இருக்கிறதால ஸ்லீவ்னு பேர். குடலைத் தொடுறதே இல்லை. சாப்பாடு வழக்கமான பாதையிலேயே போகும்.

வெட்டி எடுக்கிற பகுதியில்தான் கிரெலின்ங்கிற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்குது. அதனால இடம் மட்டும் குறையலை, பசியும் குறையுது. இதுக்குப் பின்னால ஒரு சின்ன வரலாறு இருக்கு. ஆரம்பத்தில் ஸ்லீவ் தனி ஆபரேஷனே இல்லை. மிக அதிக எடை இருக்கிறவங்களுக்கு ஒரு பெரிய ஆபரேஷனை ஒரே நேரத்தில் பண்றது ஆபத்துன்னு, முதல் கட்டமா வயிற்றை மட்டும் வெட்டிட்டு, எடை கொஞ்சம் இறங்கின பிறகு ரெண்டாம் கட்டத்துக்கு வரச் சொன்னாங்க. பல பேருக்கு முதல் கட்டத்திலேயே போதுமான அளவு எடை குறைஞ்சுடுச்சு. அப்படித்தான் அது தனி ஆபரேஷனா ஆச்சு. இன்னைக்கு உலகத்திலேயே அதிகமா நடக்கிற எடை குறைப்பு ஆபரேஷன் இதுதான்.

ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. வெட்டி எடுத்த வயிறு திரும்ப வராது.

பைபாஸ்: வயிற்றைச் சுத்திப் போற புதுப் பாதை

பைபாஸ்னு சொன்னதும் இதய ஆபரேஷன்னு நினைச்சுடாதீங்க. இது இரைப்பை பைபாஸ். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன்ங்கிற சர்ஜன் 1960-களில் தொடங்கி வச்சது. இன்னைக்குப் பண்றது அதோட திருத்தின வடிவம். முழுப் பேர் ரூ-என்-ஒய். 'ரூ'ங்கிறது சேசார் ரூ என்ற சுவிஸ் சர்ஜனோட பேர். 'ஒய்'ங்கிறது குடலை இணைக்கிற வடிவம்.

இதில் வயிற்றோட மேல் பகுதியில் சுமார் 30 மில்லி அளவுக்கு, சின்ன டீ கிளாஸில் பாதி கூட இல்லாத ஒரு பையைத் தனியா பிரிப்பாங்க. சிறுகுடலை ஒரு இடத்தில் வெட்டி, கீழ் முனையைத் தூக்கி வந்து இந்தப் பையில் இணைப்பாங்க. மேல் முனையை இன்னும் கீழே கொண்டு போய் குடலிலேயே சேர்ப்பாங்க. ஆக மொத்தம் ரெண்டு இணைப்பு. சாப்பாடு பெரிய வயிற்றையும் சிறுகுடலோட முதல் பகுதியையும் தாண்டி நேரா கீழே போகும். பழைய வயிறு உள்ளேயே இருக்கும், ஆனா சாப்பாடு அங்கே போகாது.

சாப்பாடு குடலோட கீழ்ப் பகுதிக்குச் சீக்கிரமா போய்ச் சேர்றதால ஜி.எல்.பி.-1 மாதிரியான ஹார்மோன்கள் அதிகமா சுரக்கும். இப்போ எல்லாரும் பேசுற எடை குறைப்பு ஊசிகள் எந்த ஹார்மோனைப் போல வேலை செய்யுதோ, அதே ஹார்மோன். அதனால்தான் பைபாஸ் பண்ணவங்களுக்கு எடை குறைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, சில நாட்களிலேயே சுகர் இறங்குறதைப் பார்க்க முடியுது.

மினி பைபாஸ்: பேர்தான் மினி

1997-ல் அமெரிக்க சர்ஜன் ராபர்ட் ரட்லெஜ் தொடங்கினது. வயிற்றை நீளமான ஒரு குழாயா பிரிச்சு, குடலை வெட்டாம அப்படியே வளைச்சுக் கொண்டு வந்து ஒரே ஒரு இடத்தில் இணைப்பாங்க. ரெண்டு இணைப்புக்குப் பதில் ஒண்ணு. அதனால ஆபரேஷன் நேரம் குறையும், செய்றதும் சுலபம். இந்தியாவில் இது பரவலா நடக்குது.

'மினி'ன்னு சொன்னதும் சின்ன ஆபரேஷன்னு தோணும். ஆனா இதில் பைபாஸ் ஆகிற குடலோட நீளம் பெரும்பாலும் சாதாரண பைபாஸை விட அதிகம். அதனால சத்து உறிஞ்சப்படாம போறதும் அதிகம். இது ஏன் முக்கியம்னு கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடுறேன். வயிற்றைச் சுத்தி பட்டை கட்டுற 'பேண்ட்' ஒரு காலத்தில் பிரபலம். பட்டை நகர்றது, உள்ளே அரிக்கிறது, எடை போதுமான அளவு குறையாததுன்னு நிறைய பேருக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டதால இப்போ ரொம்ப அரிது. 'டியோடினல் ஸ்விட்ச்' எடையை ரொம்ப அதிகமா குறைக்கும், சத்துக் குறைபாடும் அதே அளவு அதிகம். பெரும்பாலும் பி.எம்.ஐ. 50-க்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான் அதை யோசிப்பாங்க. வெட்டாம, எண்டோஸ்கோப்பி வழியா வயிற்றை உள்பக்கம் தைச்சுச் சுருக்குற முறையும் இருக்கு. அதில் எடைக் குறைவு ஆபரேஷனை விடக் குறைச்சல்.

நாலு கிலோ வித்தியாசம்

இப்போ அந்த "எதுல அதிகமா குறையும்?" கேள்விக்கு வருவோம். பின்லாந்தில் 240 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஸ்லீவ், இன்னொரு குழுவுக்கு பைபாஸ் பண்ணாங்க. யாருக்கு எதுங்கிறதை டாக்டர் தேர்ந்தெடுக்கலை, குலுக்கல் மாதிரி முடிவு பண்ணது. அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, கூடுதலா இருந்த எடையில் ஸ்லீவ் குழு சராசரியா 49 சதவீதத்தையும் பைபாஸ் குழு 57 சதவீதத்தையும் இழந்திருந்தது.

இதைக் கிலோவா மாத்திப் பாருங்க. ஒருத்தர் 120 கிலோ, அவர் உயரத்துக்கு 70 கிலோ இருந்தா போதும்னு வச்சுப்போம். கூடுதல் எடை 50 கிலோ. ஸ்லீவ்ல குறையறது சுமார் 24.5 கிலோ, பைபாஸ்ல 28.5. வித்தியாசம் நாலு கிலோ. பைபாஸ் கொஞ்சம் முன்னாடி நிக்குது, அது உண்மை. ஆனா அந்த நாலு கிலோவுக்காக மட்டும் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது சரியா?

அதே ஆய்வில் பத்து வருஷம் கழிச்சு எண்டோஸ்கோப்பி பண்ணிப் பார்த்தாங்க. அமிலம் மேலே ஏறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவங்க ஸ்லீவ் குழுவில் 31 சதவீதம், பைபாஸ் குழுவில் 7 சதவீதம். எடையில் சின்ன இடைவெளி, இதில் நாலு மடங்குக்கு மேல. தேர்வு நடக்க வேண்டிய இடம் இதுதான்.

உங்க கிட்டயே கேட்டுக்க வேண்டிய கேள்விகள்

ஒண்ணு, நெஞ்செரிச்சல் இருக்கா? ராத்திரி சாப்பிட்டுப் படுத்தா புளிச்ச ஏப்பம், நெஞ்சு எரிச்சல், தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. "இதெல்லாம் ஒரு வியாதியா"ன்னு டாக்டர் கிட்ட சொல்லாமலே விட்டுடுவோம். ஆனா ஸ்லீவா பைபாஸாங்கிறதை முடிவு பண்றதில் முதல் கேள்வியே இதுதான். ஸ்லீவ்ல வயிறு குறுகலான குழாயா மாறும்போது உள்ளே அழுத்தம் கூடும், அமிலம் மேலே தள்ளப்படும். ஏற்கெனவே ரிஃப்ளக்ஸ் இருந்தவங்களைச் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒண்ணு அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தது. ஸ்லீவ் பண்ணவங்களில் கிட்டத்தட்ட 32 சதவீதம் பேருக்கு அது மோசமாச்சு. பைபாஸ் பண்ணவங்களில் அது 6 சதவீதம்தான். 60 சதவீதம் பேருக்கு ரிஃப்ளக்ஸே போயிடுச்சு. கடுமையான ரிஃப்ளக்ஸ் இருந்தா பைபாஸ் பக்கம்தான் தராசு சாயும். மினி பைபாஸ்ல பித்தநீர் மேலே ஏறுற வாய்ப்பும் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி பண்ணாங்களா, அதில் என்ன இருந்ததுன்னு கண்டிப்பா கேளுங்க.

ரெண்டு, சுகர் இருக்கா, எத்தனை வருஷமா? பொதுவா சுகருக்கு பைபாஸ் நல்லதுன்னு சொல்வாங்க. முழு உண்மை அதை விடச் சுவாரசியமானது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2017-ல் ஒரு மதிப்பெண் முறை கொண்டு வந்தது. சுகர் எத்தனை வருஷமா, எத்தனை மருந்து, இன்சுலின் போடுறாங்களா, கட்டுப்பாட்டில் இருக்கான்னு நாலு விஷயத்தைப் பார்ப்பாங்க. சுகர் ஆரம்ப நிலையில் இருந்தா ரெண்டு ஆபரேஷனும் நல்லா வேலை செய்யும். நடுத்தரமா இருந்தா பைபாஸ் தெளிவா மேல். பல வருஷமா இன்சுலினில் இருந்து, கணையம் களைச்சுப் போயிருந்தா எந்த ஆபரேஷனிலும் சுகர் முழுசா விலகுற வாய்ப்பு குறைவு. அப்போ ஆபத்து குறைஞ்ச ஸ்லீவே போதும். 'எனக்கு சுகர், அதனால பைபாஸ்'னு ஒரே வரியில் முடிக்க முடியாது.

மூணு, வலி மாத்திரை, சிகரெட்? பைபாஸிலும் மினி பைபாஸிலும் வயிற்றையும் குடலையும் இணைச்ச இடத்தில் புண் வரலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் சிகரெட்டும் அந்த ஆபத்தை நல்லாவே கூட்டும். முடக்குவாதம் மாதிரி காரணத்துக்காக இந்த மாத்திரை இல்லாம உங்களுக்கு நாள் ஓடாதுன்னா, ஸ்லீவ் பொருத்தமா இருக்கலாம். சிகரெட்டை விட்டுடுவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா போதாது, ஆபரேஷனுக்கு முன்னாடியே விட்டிருக்கணும்.

நாலு, சத்து மாத்திரையை வாழ்நாள் முழுக்கப் போடுவீங்களா? எந்த ஆபரேஷனா இருந்தாலும் இது உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. பைபாஸில் தேவை கூடும், மினி பைபாஸில் இன்னும் கவனம் வேணும். பிரான்ஸில் 253 பேரை வச்சு மினி பைபாஸையும் வழக்கமான பைபாஸையும் ரெண்டு வருஷம் ஒப்பிட்டாங்க. எடைக் குறைவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா கடுமையான பாதிப்புகள் மினி பைபாஸில் 42, மத்ததில் 24. அந்த 42-ல் 9 சத்துக் குறைபாட்டால வந்தது. வழக்கமான பைபாஸில் அப்படி ஒண்ணு கூட இல்லை. அந்த ஆய்வில் 200 செ.மீ. குடலை பைபாஸ் பண்ணியிருந்தாங்க. உங்களுக்கு எத்தனை செ.மீ.ன்னு சர்ஜன் கிட்ட கேட்கலாம், அது தப்பான கேள்வி இல்லை.

இங்கே நம்ம தட்டையும் பார்க்கணும். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசைன்னா அதில் புரதம் ரொம்பக் கம்மி. ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவா ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாம புரதம் சாப்பிடச் சொல்வாங்க. அதுவும் ஒரு வேளைக்கு அரை கப் கூட இறங்காத வயிற்றில். முட்டை கூடத் தொடாத சைவமா இருந்தா பனீர், தயிர், பருப்பு, புரதப் பவுடர்னு திட்டம் போட்டுத்தான் சாப்பிடணும். வேலைக்காக ஊர் ஊரா மாறிக்கிட்டு இருக்கிறவங்க, ரத்தப் பரிசோதனைக்கு வருஷா வருஷம் போக மாட்டோம்னு தெரிஞ்சவங்க, சத்தை அதிகமா தடுக்கிற ஆபரேஷனை யோசிச்சுத் தேர்ந்தெடுக்கணும்.

அஞ்சு, குழந்தைத் திட்டம் இருக்கா? ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாசம் வரைக்கும் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்றாங்க. எடை வேகமா குறையற அந்தக் காலத்தில் குழந்தைக்குச் சத்து பத்தாம போகலாம். இதில் ஒரு சிக்கல் இருக்கு. பி.சி.ஓ.எஸ். இருந்து மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனவங்களுக்கு, எடை குறைஞ்சதும் கருமுட்டை சீரா வர ஆரம்பிச்சுடும். "எனக்குத்தான் உண்டாகாதே"ன்னு இருந்துடக் கூடாது. பைபாஸ் பண்ணவங்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியா உறிஞ்சப்படாமலும் போகலாம். காப்பர்-டி மாதிரி வேற வழியைப் பத்தி முன்னாடியே பேசிடணும்.

ஆறு, பார்ட்டி பழக்கம்? பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் சட்டுனு ஏறும். முன்னாடி மூணு கிளாஸில் வந்த போதை ஒரே கிளாஸில் வரும். மதுப் பழக்கம் புதுசா தொத்திக்கிற ஆபத்தும் கூடுது. ஏற்கெனவே குடிப்பழக்கம் பிரச்சினையா இருந்தா அதை மறைக்காதீங்க. அப்புறம் இனிப்பு. பைபாஸ் பண்ணவங்க ஒரு கப் பாயசத்தை மடமடன்னு குடிச்சா படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்குன்னு படுத்தும். இதை 'டம்பிங்'னு சொல்வாங்க. சிலருக்கு இனிப்பை நிறுத்த அதுவே உதவியா இருக்கு, சிலருக்குப் பெரிய தொல்லை.

"ஊசியே போதாதா?"

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2025-ல் மவுஞ்சாரோவும் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தாச்சு. சோதனைகளில் செமாக்ளூடைடு சராசரியா உடல் எடையில் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைடு அதிகபட்ச டோஸில் சுமார் 20 சதவீதமும் குறைச்சது. ஆபரேஷனில் 25 முதல் 30 சதவீதம். ஊசியை நிறுத்தினா எடை பெருமளவு திரும்பி வருது. பி.எம்.ஐ. 30 பக்கத்தில் இருக்கிறவங்க முதல்ல மருந்தைப் பார்க்கிறது நியாயம். 45-ல் இருக்கிறவங்களுக்கு மருந்து மட்டும் பெரும்பாலும் பத்தாது. ஆபரேஷனுக்கு முன்னாடியோ பின்னாடியோ மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறதும் இப்போ நடக்குது.

இன்சூரன்ஸ்ல ஒரு கண்ணி

மருத்துவ வரம்பும் இன்சூரன்ஸ் வரம்பும் ஒண்ணு இல்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தரப்படுத்தின விதிப்படி 18 வயசு முடிஞ்சிருக்கணும், டாக்டர் பரிந்துரை இருக்கணும், பி.எம்.ஐ. 40 இருக்கணும். இல்லைன்னா 35-ஓட கட்டுப்படாத டைப் 2 சுகர், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, இதய நோய் மாதிரி ஒண்ணு இருந்து, மத்த வழிகள் பலிக்காம போயிருக்கணும். ஆக, பி.எம்.ஐ. 33 இருக்கிற ஒருத்தருக்கு டாக்டர் "பண்ணலாம்"னு சொல்வார், இன்சூரன்ஸ் "முடியாது"ன்னு சொல்லும். காத்திருப்புக் காலமும் பாலிசிக்குப் பாலிசி மாறும். தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிடுங்க.

சர்ஜன் கிட்ட கேட்க வேண்டியது

நல்ல மையங்களில் இந்த ஆபரேஷன்களில் உயிர் ஆபத்து ஆயிரத்தில் ஒருத்தர் என்கிற அளவில்தான் இருக்கு. பித்தப்பை ஆபரேஷனோட ஒப்பிடுற அளவு. ஆனா அந்த எண் 'நல்ல மையங்கள்'ங்கிற வார்த்தையோடதான் வருது. அதனால இதையெல்லாம் கேளுங்க. நீங்க மூணு ஆபரேஷனும் பண்ணுவீங்களா, இல்லை ஒண்ணு மட்டும்தானா? ஒண்ணு மட்டும் பண்றவர் எல்லாருக்கும் அதையேதான் சொல்லுவார். எனக்கு ஏன் இது, மத்தது ஏன் வேண்டாம்? ராத்திரியில் சிக்கல் வந்தா ஐ.சி.யூ. இங்கேயே இருக்கா, வேற இடத்துக்கு மாத்தணுமா? டயட்டீஷியன், மனநல ஆலோசனை, தொடர் பரிசோதனை எல்லாம் எத்தனை வருஷத்துக்கு?

வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க. முதல் சில வாரங்களில் காய்ச்சல், கூடிக்கிட்டே போற வயிற்று வலி, உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-க்கு மேல. இது தையல் போட்ட இடத்தில் கசிவா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. ரெண்டாவது, நிக்காத வாந்தி. "வயிறு சின்னதாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்"னு வாரக்கணக்கில் பொறுத்துக்கிட்டா வைட்டமின் பி1 தீர்ந்து போய் மூளையும் நரம்பும் நிரந்தரமா பாதிக்கப்படலாம். ஊசி மூலமா பி1 கொடுத்தா தடுத்துடலாம், ஆனா நேரத்துக்குப் போகணும்.

இந்த எபிசோடை மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க, டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி பண்ற ஹோம்வொர்க்கா எடுத்துக்குங்க. போகும்போது நாலு தகவலைக் கையில் எழுதி எடுத்துட்டுப் போங்க: நெஞ்செரிச்சல் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருது, சுகர் எத்தனை வருஷமா, வழக்கமா போடுற மாத்திரைகள் என்னென்ன, அடுத்த ரெண்டு வருஷத்தில் குழந்தைத் திட்டம் உண்டா. இதில் ஒண்ணைக்கூட கேட்காம ஒருத்தர் ஆபரேஷன் பேரைச் சொல்லி அட்வான்ஸ் கட்டச் சொன்னா, எழுந்து வந்து இன்னொரு சர்ஜனைப் பாருங்க. இதில் ரெண்டாவது கருத்து கேட்கிறதுக்கு நேரம் எப்பவுமே இருக்கு.